எந்த ஊர்க் கோப்பி இது?

குருக்கள்மடம்
ஆவணி, 2009

அன்புள்ள மகன் மதுரனுக்கு,

அப்பா எழுதிக்கொள்வது. இங்கே அம்மா, தங்கச்சி கம்சாயினி, நான் மூவரும் உடம்பளவில் குறையில்லாமல் இருக்கிறோம். நீயும் அந்தக் குளிர் மலையில் நேரத்துக்குச் சாப்பிட்டு, காய்ச்சல் தடிமன் அண்டாமல் இருக்கவேண்டும் என்று சித்தாண்டி முருகனை அம்மா ஒருநாளும் விடாமல் நச்சரிக்கிறாள். உடம்பளவில் என்று எழுதியிருக்கிறேன், ஏனென்றால் மனம் ஓரிடத்தில் நிற்கவில்லை. கச்சான் காற்று பகல் முழுக்க மணலை வாரி வீட்டுக்குள் கொட்டுகிறது, அம்மா கூட்டக் கூட்ட அது வருகிறது. பஸ் ஓட்டுவதை விட்டபிறகு என் கால்களுக்கு வேலை இல்லாமல் போய்விட்டது, விடிந்ததும் கடற்கரைக்கு நடந்து கடல் இருந்த இடத்தில் இருக்கிறதா என்று பார்க்கிறேன், பிறகு மெயின் றோட்டைக் கடந்து வாவிக்கரைக்குப் போய் அதையும் பார்த்துவிட்டு வருகிறேன், சுனாமிக்குப் பிறகு பிடித்த பழக்கம், இப்போது இன்னும் மோசமாகிவிட்டது. நேற்று இரண்டு தடவை போனேன். இந்தக் கடிதத்தைத் தபாலில் போடவில்லை, ஹமீட் லீவு முடிந்து துபாயில் தன் கார்கோ கடைக்குத் திரும்பும்போது கையில் கொண்டுபோய், கோப்பியோடு அங்கே வருகிற உன் ஆட்களிடம் சேர்ப்பிப்பதாகச் சொல்லியிருக்கிறான். ஆகவே சொல்லவேண்டியதை எல்லாம் சொல்கிறேன், நீ வாசித்து முடித்ததும் அடுப்பில் போட்டுவிடு.

நீ துபாய்க்கு அனுப்பிய பொதியை ஹமீட் லீவில் வந்த அன்றே காத்தான்குடியிலிருந்து மோட்டார் சைக்கிளில் கொண்டுவந்து தந்தான். வெள்ளைத் துணிப்பை, அதில் கொக்கி கொக்கியாக அந்த நாட்டு எழுத்து, உள்ளே பச்சையாகக் கோப்பிக் கொட்டை, மேலே மடித்து வைத்த உன் கடிதம். உன்னிடமிருந்து நாங்கள் எதிர்பார்த்தது வேறு. வைகாசியில் போர் முடிந்தது என்று ரேடியோவில் சொன்ன நாளிலிருந்து அம்மாவுக்கும் எனக்கும் உன்னை வைத்து ஒரே வாக்குவாதம். சண்டதான் முடிஞ்சிற்றே, என்ட புள்ள இனி என்னத்துக்குப் பிறத்தியான் நாட்டில கிடக்கணும், வரச்சொல்லி எழுதுங்க என்று அவள். கனடாவுக்கு என்று அனுப்பியவனை அந்த ஏஜென்சிக்காரன் எதியோப்பியாவில் இறக்கிவிட்டு ஓடிவிட்டான், பாதிவழியில் நிற்கிறவனை முன்னுக்குத்தான் அனுப்பவேண்டும், பின்னுக்கு இழுக்கக்கூடாது என்று நான். கல்முனையில் வேறொரு ஏஜென்சிக்காரனைப் பிடித்துக் கதைத்தும் வைத்திருந்தேன், அவன் ஒவ்வொரு நாளும் ரெலிபோன் எடுத்து என்ன முடிவு என்று கேட்டுக்கொண்டிருந்தான். உன் கடிதத்தில் அதற்குப் பதில் இருக்கும் என்று நினைத்து உடைத்தால், முதலில் இந்தக் கோப்பியைக் குடியுங்கள், குடித்துவிட்டு வாயில் என்ன தெரிகிறது என்று எழுதுங்கள், கனடாவைப் பற்றிப் பிறகு கதைப்போம் என்று எழுதியிருந்தாய். எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அந்தப் பையைத் தூக்கி வாவியில் எறிந்திருப்பேன், கம்சாயினிதான் பறித்து வைத்தாள்.

நீ எழுதியிருந்ததை அவள் உரத்து வாசித்தாள். கடையில் விற்கிற தூளில் பல நாட்டுக் கொட்டை கலந்திருக்கும், இது அப்படியில்லை, ஒரே ஊர், ஒரே மலைச்சரிவு, அங்குள்ள வீட்டுத் தோட்டங்களில் ஒரு பருவத்தில் பறித்துத் தாங்களே கழுவிக் காயவைத்தது, பழகியவர்கள் ஒரு மிடறு குடித்தே எந்த ஊர்க் கோப்பி என்று சொல்லிவிடுவார்கள் என்று எழுதியிருந்தாய். யிர்காசெபே என்று நீ எழுதிய ஊர்ப்பெயர் அம்மாவின் வாயில் இருக்காச்சப்பா என்றுதான் வருகிறது. உண்மையைச் சொன்னால் அந்த இடத்தில்தான் என் கோபம் கொஞ்சம் இறங்கியது. ஏனென்றால் எனக்கு அது விளங்கியது. இத்தனை வருடம் மட்டக்களப்புக்கும் கல்முனைக்கும் இடையில் பஸ் ஓட்டியவன், திரும்பிப் பார்க்காமலே முதுகுக்குப் பின்னால் கதைக்கிறவன் ஏறாவூரா, கல்லாறா, படுவான்கரையா என்று சொல்வேன், இழுக்கிற இழுவையிலேயே ஊர் தெரிந்துவிடும். அதே இழுவைதான் ஆமிச் சென்றிகளில் எத்தனையோ பேரைக் காட்டிக்கொடுத்தது, ஊர் தெரியாமல் இருக்க வாயே திறக்காமல் இருந்தவர்களையும் ஏற்றிக்கொண்டு ஓடியிருக்கிறேன். கோப்பிக்கும் அப்படி ஒரு வாய் இருக்கிறதா, பார்ப்போம் என்று அம்மாவிடம் சொன்னேன்.

முதல் தரம் பிழைத்துவிட்டது. அம்மா தனக்குப் பழகிய மாதிரி தாச்சிச் சட்டியில் போட்டு, புகை குசினியை நிரப்பும்வரை கருக வறுத்து, மல்லியும் வேர்க்கொம்பும் சேர்த்து இடித்து, சீனி போட்டுத் தந்தாள். குடித்தால் இங்கே எப்போதும் குடிக்கிற கோப்பிதான், இதற்கா உன் மகன் கடல்கடந்து போனான் என்று கேட்டேன். அம்மா குடிக்கவில்லை. சுனாமியில் சின்னம்மா போன நாளிலிருந்து வீடு வீடாகச் செத்தவீட்டுக் கோப்பி குடித்து, அந்த மணமே ஆகாமல் போனது உனக்குத் தெரியும்தானே, ஐந்து வருடமாக அவள் கோப்பியை வாயில் வைத்ததில்லை. அடுத்த நாள் கம்சாயினி உன் கடிதத்தைக் கையில் வைத்துக்கொண்டு அடுப்படியில் நின்றாள். கொட்டை சோளம் பொரிகிறதுபோல வெடிக்கத் தொடங்க, அம்மா இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம் என்கிறாள், இவள் போதும் அம்மா, அண்ணன் இதோட இறக்கச் சொல்லியிரிக்கான் என்று சட்டியைப் பறித்து இறக்கிவிட்டாள். கறுப்பே ஆகவில்லை, கறுவாப்பட்டை நிறம். ஒருநாள் ஆறவிட்டு, மொத்தமாக இடித்து, கொதித்துச் சற்றுத் தணிந்த தண்ணீரைத் துணியில் மெதுவாக ஊற்றி வடித்தோம், பாலும் இல்லை சீனியும் இல்லை. சூட்டோடு குடித்தபோது இது சாயம் போதாத பிளேன்ரீ என்றுதான் நினைத்தேன். எழும்பி வளவை ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு வந்து மிச்சத்தைக் குடித்தேன். மகன், அது வேறு கோப்பி. கிணற்றடித் தேசிமரம் பூக்கிற நேரத்தில் அந்தப் பக்கம் போனால் வருமே, அந்த வாசம் மூக்கில் இல்லை, தொண்டையில் வந்தது. இன்னும் ஆறியபோது தோடம்பழச் சுளையைத் தின்றபிறகு வாயில் நிற்கிற புளிப்பும் இனிப்பும். அம்மா என் முகத்தைப் பார்த்துவிட்டுக் கோப்பையை வாங்கி மணந்தாள், பிறகு ஒரு வாய் குடித்தாள், இதில செத்தவீடு இல்ல என்றாள். பிறகு முழுவதையும் குடித்துவிட்டாள். நீ கேட்டதற்கு இதுதான் எங்கள் பதில், இதோடு கடிதத்தை முடித்திருந்தால் எவ்வளவு நன்றாக இருந்திருக்கும்.

அதற்கு இரண்டொரு நாள் கழித்து, பின்னேரம், கேற்றடியில் மோட்டார் சைக்கிள் வந்து நின்றது. இரண்டு பேர். ஓட்டிவந்தவன் முப்பது வயது மதிக்கலாம், முன்பின் தெரியாத முகம், சேட்டை வெளியே விட்டிருந்தான், இடுப்பில் என்ன இருக்கிறது என்று கேட்கத் தேவையில்லை. பின்னால் இருந்தவன் நிதுர்ஷன். ஆம், உன் நிதுர்ஷன். மூன்று வருடத்துக்கு முன்பு களுவாஞ்சிக்குடியில் ரியூசன் முடிந்து இரண்டு பேரும் ஒரே சைக்கிளில் வந்த அன்று, ஆள்பிடிக்க வழிமறித்த குழுக்காரரிடம் அகப்பட்டுப்போனவன், நீ கரியரிலிருந்து குதித்து தென்னந்தோட்டத்துக்குள்ளால் ஓடிவந்தாய், அவனால் இறங்க முடியவில்லை. அதற்குப் பிறகு அவனை நான் சீருடையோடு ஒருதரம் தூரத்தில் கண்டதுதான். அம்மா பதற்றத்தில் வாயில் வந்ததைச் சொல்லி உள்ளே கூப்பிட்டாள், இரிங்க தம்பிமார், மகன் அனுப்பின கோப்பி இரிக்கு, போட்டுத் தாறன் என்றாள். சொன்னபிறகுதான் அவளுக்கே முகம் வெளுத்தது. பை மேசையில் கிடந்தது. நான் அதை எடுத்துக் கதிரையில் வைத்து அதன்மேல் குந்திவிட்டேன். சிரிக்காதே. அவர்கள் இருந்த நேரம் முழுக்க உன் அப்பா நான் எதியோப்பியாவின் மேல் அசையாமல் இருந்தேன்.

ஓட்டிவந்த பெரியவன்தான் கேட்டான், மதுரன் எங்க ஐயா என்று. கனடாவில என்று அம்மா குசினியிலிருந்து என்னை முந்திக்கொண்டு சொன்னாள். மகனைக் கூப்பிடு கூப்பிடு என்று மூன்று மாதமாக என் உயிரை எடுத்தவள் அவள். சண்டதான் முடிஞ்சிற்றே, ஒருக்கா வரச் சொல்லுங்க, அவனோட கொஞ்சம் கதைக்க இரிக்கு என்றான் அவன், சிரித்துக்கொண்டுதான் சொன்னான். குசினியில் இடித்து வைத்திருந்த தூளில் கோப்பி வந்தது. அவன் சீனி கேட்டு வாங்கி அள்ளிப்போட்டு ஒரே மூச்சில் குடித்தான். நிதுர்ஷன் சீனி போடவில்லை. ஒரு வாய் குடித்துவிட்டுக் கோப்பையைப் பார்த்தான், மறுபடி குடித்தான், மாமி, இது எந்த ஊர்க் கோப்பி, தேசிப்பூ மணக்குதே என்றான். குடித்தவனுக்கு ஊர் தெரியும் என்று நீ பெருமையாக எழுதினாயே மகன், அந்தப் பெருமை அந்த நேரம் எங்கள் கழுத்துக்கு வந்தது. பெரியவன் நிமிர்ந்து பார்த்தான். மகன் அனுப்பின கோப்பி எண்டீங்க, கனடாவில கோப்பி காய்க்குமா ஐயா என்று கேட்டான். நான் பையின் மேல் இன்னும் அழுத்திக் குந்தினேன். நிதுர்ஷன்தான் சொன்னான், அங்க எல்லா நாட்டுச் சாமானும் கடையில கிடக்கும் அண்ணே, ரொறன்ரோவில இரிக்கிற எங்கட பெரியம்மாவும் இப்பிடித்தான் அனுப்புறவ என்று. சொல்லிவிட்டு என்னைப் பார்க்காமல் மிச்சத்தைக் குடித்தான். நிதுர்ஷனுக்கு ரொறன்ரோவில் பெரியம்மா யாரும் இல்லை என்பது எனக்கும் தெரியும், உனக்கும் தெரியும். அவர்கள் போனபிறகு நான் எழும்பியபோது பை நனைந்திருந்தது, என் வேர்வை.

அன்றே அம்மா சொன்னாள், அவன் வரவேணாம், எழுதுங்க, வரவேணாம் எண்டு எழுதுங்க என்று. நான் பேனையை எடுத்தேன், ஆனால் எழுத முடியவில்லை, ஏனென்றால் அடுத்த நாள் மத்தியானம் நிதுர்ஷன் தனியாக வந்துவிட்டான். றோட்டால் வரவில்லை, வாவிக்கரைப் பக்கத்தால் நடந்து, பின்வளவுக்குள்ளால் வந்து குசினி வாசலில் நின்றான், கால் முழுக்கச் சேறு. மாமி, நேற்று நீங்க சொன்னது மெய்யா, மதுரன் உயிரோட இரிக்கானா, எனக்கு அத மட்டும் சொல்லுங்க என்றான். அண்டைக்கு அவன் ஓடினதுக்குப் பொறகு வெடிச்சத்தம் கேட்டது மாமி, அவங்க ஒண்டும் சொல்லல்ல, இண்டு வரைக்கும் எனக்குத் தெரியா என்றான். நான் அம்மாவுக்குப் பின்னால் நின்று வாயைப் பொத்தும்படி சைகை காட்டுகிறேன், அவள் என் பக்கம் திரும்பவே இல்லை. இரிக்கான் மனே, எதியோப்பியா எண்ட நாட்டில கோப்பி கழுவுறான் என்று சொல்லிவிட்டாள். அவன் சிரித்தான், கோப்பி கழுவுறானா, வீட்டில கோப்பையே கழுவமாட்டானே மாமி என்றான். சிரித்தபடியே வாசல்படியில் இருந்துவிட்டான், தலையை முழங்காலுக்குள் புதைத்துக்கொண்டான். அம்மா அவன் தோளைத் தொட்டாள், பிறகு தண்ணீர் கொதிக்கவைத்தாள்.

எனக்கு அவள்மேல் வந்த கோபத்தை எழுதி முடியாது. மூன்று வருடமாகப் பொத்திப்பொத்தி வைத்ததை ஒரு மூச்சில் கொட்டிவிட்டாள், இவனை நம்பலாமா, இவனை அனுப்பிவைத்தவர்கள் யார், நமக்கு என்ன தெரியும் என்று குசினிக்கும் விறாந்தைக்கும் நடந்தேன். அம்மா சொன்னாள், நேற்று அவன் வாயத் திறந்து ஒரு சொல் சொல்லியிருந்தா இண்டைக்கு நாம இஞ்ச இரிக்கமாட்டம், அவன் சொல்லல்ல, அவ்வளவுதான் எனக்குத் தெரியும் என்று. நிதுர்ஷன் கோப்பியைக் குடித்து முடித்து, அது எப்படி வறுப்பது என்றெல்லாம் கம்சாயினியிடம் கேட்டான், சின்ன வயதில் ஏதாவது சாமானைக் கழற்றிப் பார்ப்பானே, அதே முகம். பிறகு என்னைப் பார்த்து, மாமா, அவன இப்ப வரவேணாம் எண்டு சொல்லுங்க, என்னோட வந்தவர் இன்னும் வீடு வீடா விசாரிக்கிறார் என்றான். தானும் அந்தக் குழுவுக்குத் திரும்பிப் போகப்போவதில்லை என்றான். எங்கே போவாய் என்று கேட்டேன். அவன் வெளியே வாவியைப் பார்த்தான்.

மகன், நான் யோசித்துச் செய்யவில்லை, யோசித்திருந்தால் செய்திருக்கமாட்டேன். அவனைக் கம்சாயினியின் அறையில் இருத்திவிட்டு பஸ் ஏறிக் காத்தான்குடிக்குப் போய் ஹமீட்டிடம் சொன்னேன். ஹமீட்டின் மச்சான் பாறூக் கொழும்புக்குப் புடைவை ஏற்றுகிற லொறி வைத்திருக்கிறார், அவருடைய றைவர் அந்தக் கிழமை லீவு. நான் ஓட்டித் தாறேன் என்றேன். அவர் என் வயதைப் பார்த்தார், கையைப் பார்த்தார், ஒன்றும் கேட்காமல் சாவியைத் தந்தார். விடியற்காலை கிளம்பினோம், நிதுர்ஷன் கிளீனர், தலையில் சால்வை, உன்னுடைய பழைய சேட். ஓட்டமாவடிப் பாலத்தைத் தாண்டினோம். ஸ்டியரிங்கைப் பிடித்தபிறகு கியர் தானாகவே என் கைக்கு வந்தது என்பதை உனக்குச் சொல்லவேண்டும், இரண்டு வருடமாகச் சும்மா கிடந்த கை. பெரிய செக்பொயின்ரில் இறக்கினார்கள். புடைவைக் கட்டுகளைக் கம்பியால் குத்திப் பார்த்தார்கள். ஒரு ஆமிக்காரன் நிதுர்ஷனின் அடையாள அட்டையை வாங்கிப் படத்தையும் முகத்தையும் பார்த்தான், பெயரை வாசிக்க மினக்கெடவில்லை, யார் இவன் என்று சிங்களத்தில் என்னைக் கேட்டான். கிளீனர் என்று சொல்லத்தான் வழி முழுக்கச் சொல்லிப் பழகிக்கொண்டு வந்தேன். மகன் என்று வந்துவிட்டது. அவன் அட்டையைத் திருப்பிக் கொடுத்து, போ என்று கையைக் காட்டினான். லொறி ஓடத் தொடங்கிக் கொஞ்சத் தூரம் போனபிறகு நிதுர்ஷன் அழுதான். நான் அழவில்லை, எனக்கு றோட்டைப் பார்க்கவேண்டி இருந்தது.

இப்போது அவன் கொழும்பில் ஹமீட்டின் சொந்தக்காரர் வீட்டில் இருக்கிறான், வெளியே வருவதில்லை. துபாயில் தன் கார்கோ கடைக்கு அவனை எடுக்க ஹமீட் முயற்சி செய்கிறான், எப்போது சரிவரும் என்று தெரியாது. அந்தப் பெரியவன் மறுபடியும் வந்தான், தனியாக, நிதுர்ஷன் இந்தப் பக்கம் வந்தானா என்று கேட்டான். அம்மா இந்தத் தடவை தேத்தண்ணீர்தான் கொடுத்தாள். போய்விட்டான், இனியும் வருவான்.

கல்முனை ஏஜென்சிக்காரனுக்கு வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். அதனால் நான் கனடாவை மறந்துவிட்டேன் என்று நினைக்காதே, போகிறதென்றால் நேர்வழியில், நீயே தீர்மானித்துப் போ, அல்லது அந்த மலையிலேயே இரு, நாங்கள் இனி உனக்காக ஒருவரோடும் கதைக்கமாட்டோம். ஊருக்கு மட்டும் இப்போது வராதே. உன் கடிதத்தைத் திரும்பவும் வாசித்தேன். கழுவுகிற தொட்டியில் நிற்கும்போது கால் விறைத்தாலும் கொட்டை வெள்ளையாகி வருவதைப் பார்த்தால் ஆசையாக இருக்கும் என்று எழுதியிருக்கிறாய், முதல்தரம் வாசித்தபோது அந்த வரியை நான் கண்டுகொள்ளவில்லை. காலுக்கு நல்லெண்ணெய் பூசு, அங்கே நல்லெண்ணெய் இல்லாவிட்டால் என்ன எண்ணெய் இருக்கிறதோ அதைப் பூசு. கம்சாயினிக்குப் பரீட்சை நெருங்குகிறது, அவளுக்கு ஒரு வரி எழுது. ஹமீட்டுக்கு நன்றி சொல்லி எழுது, அவன் செய்ததை ஒருவரிடமும் சொல்லாதே.

இன்னொன்று. நிதுர்ஷனின் அம்மா ஒவ்வொரு நாளும் காலையில் எங்கள் வீட்டுக்கு வருகிறாள், என்ட புள்ளயக் கண்டீங்களா என்று கேட்கிறாள். தான் பிளேன் ஏறும்வரைக்கும் தன் அம்மாவிடம் சொல்லவேண்டாம், குழுக்காரங்க வந்து அடிச்சுக் கேட்டா அவவால தாங்க ஏலாது என்று நிதுர்ஷன் எங்களிடம் கெஞ்சிக் கேட்டுக்கொண்டான், ஆகவே இல்லை என்று சொல்லி அனுப்புகிறோம். அவள் திரும்பிப் போகிறபோது உன் அம்மா வாசலில் நின்று பார்த்துக்கொண்டே இருக்கிறாள், அன்று முழுக்க ஒரு வேலையும் ஓடுவதில்லை. இன்று காலை நிதுர்ஷனின் அம்மா வரவில்லை. சற்று முன்பு உன் அம்மா தலையைச் சீவி, சேலை மாற்றிக்கொண்டு நிதுர்ஷன் வீட்டுப் பக்கம் போனதை ஜன்னலால் பார்த்தேன். சொல்லிவிடுவாள் என்று எனக்குத் தெரியும். கூப்பிட்டுத் தடுத்திருக்கலாம். பேனையை மூடாமல் அப்படியே இருந்துவிட்டேன்.

நீ நீண்டகாலம் நல்லாயிருக்கவேண்டும், உன் கையால் கழுவுகிற ஒவ்வொரு கொட்டையும் நன்றாக விளைந்ததாக இருக்கவேண்டும், உன்னைக் காக்கிற தெய்வம் அந்த ஊர்ப்பாஷை தெரிந்ததாக இருக்கவேண்டும். கடிதம் கிடைத்ததும் கிடைத்தது என்று ஒரு சொல்லாவது ஹமீட்டிடம் சொல்லியனுப்பு.

என்றும் உன்னை நினைத்திருக்கும் அப்பா,
க. அழகரத்தினம்